பந்தடி கண்டவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் கால்பந்துப் போட்டி நடந்தது. சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் ஆண்கள் அணிகளும் பெண்கள் அணிகளும் வந்திருந்தன. காலை 10 மணிக்குத் தொடக்க விழா. 9 மணிக்கே பத்து மாணவிகள் பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, நுழைவாயிலில் வரிசையாக நின்றார்கள். கைகளில் தாம்பாளங்கள். அவற்றில் சந்தனம், குங்குமம், கற்கண்டு, ரோஜா, பன்னீர்ச் செம்பு. சிறப்பு விருந்தினர் 12 மணிக்கு வந்தார். அதுவரை அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

அந்தப் பத்துப் பேரில் இருவர் கல்லூரியின் கால்பந்து அணியில் இருந்தவர்கள். அவர்களுக்கு 1 மணிக்கு ஆட்டம். விழா முடிந்ததும் ஒருத்தி கழிவறைக்கு ஓடி வந்தாள். அங்கே நான் இருந்தேன். "மேம், முதுகுப் பின்னை எடுத்து விடுங்க, எனக்கு எட்டல" என்றாள். பதினான்கு ஊக்குகளைக் கழற்றினேன். எண்ணிக்கொண்டேதான் கழற்றினேன். "அந்த டீம் இந்நேரம் கிரவுண்ட நாலு சுத்து ஓடி முடிச்சிருக்கும் மேம்" என்று சொல்லிக்கொண்டே சேலைக்குள்ளிருந்து ஜெர்சிக்குள் போனாள். கூந்தலிலிருந்து பூவை இழுத்தபோது முடியும் சேர்ந்து வந்தது.

அன்று எங்கள் அணி தோற்றது. சேலையால்தான் தோற்றோம் என்று சொல்ல மாட்டேன், எதிரணி நன்றாக ஆடியது. ஆனால் எங்கள் ஆண்கள் அணியில் ஒருவரையும் யாரும் தாம்பாளம் பிடிக்கக் கூப்பிடவில்லை என்பதை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

ஆட்டம் வேறு, ஆட்ட நாள் வேறு. ஆட்டம் தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆட்ட நாள் என்பது ஒரு திருவிழா. யார் எங்கே நிற்பது, யார் பாடுவது, யார் ஆடுவது, யார் சமைத்து எடுத்து வருவது, யார் பார்ப்பது என்று அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடம் பிடிப்பவர், சறுக்குக்கட்டை போடுபவர், மாடியில் நின்று பார்ப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. இடத்தைப் பார்த்தால் ஊரின் கட்டுமானம் தெரிந்துவிடும்.

இந்தத் திருவிழாவை மிகப் பெரிதாக வளர்த்தெடுத்தவை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். 1869 நவம்பர் 6-ஆம் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் மாணவர்கள் ஆடிய ஆட்டத்தை அங்கே கல்லூரிக் கால்பந்தின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். (அது நம் கால்பந்து அல்ல. கையால் தூக்கிக்கொண்டு ஓடி மோதும் ஆட்டமாகப் பின்னால் மாறியது.) இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் ஊரே கல்லூரி நிறத்தில் உடுத்திக்கொள்கிறது. காரின் பின்கதவைத் திறந்து வைத்து அங்கேயே சுட்டுச் சாப்பிடுகிறார்கள். வாத்தியக் குழு அணிவகுத்து வருகிறது. பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் 'ஹோம்கமிங்' நாளில் ஒரு மாணவிக்கு அரசி என்று முடி சூட்டுகிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் 1,07,601 பேர் உட்காரலாம். ராஜபாளையம் நகரத்தின் மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.3 லட்சம்தான் என்றால் அந்தக் கூட்டத்தை நாம் கற்பனை செய்துகொள்ளலாம்.

குட்டைப் பாவாடையில் குஞ்சம் ஆட்டும் 'சியர்லீடர்' பெண்கள் அந்தத் திருவிழாவின் அடையாளமாக நம் கண்ணில் பதிந்திருக்கிறார்கள். ஐ.பி.எல். வந்த பிறகு நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கும் அவர்கள் வந்தார்கள், அதைப் பற்றிய முணுமுணுப்புகளும் வந்தன. ஆனால் அந்த வேலையைத் தொடங்கியவர்கள் ஆண்கள். 1898 நவம்பர் 2-ஆம் தேதி மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னே போய் நின்று கோஷத்தை நடத்தினார். அது தலைமைப் பண்பின் அடையாளமாகக் கருதப்பட்டது. அதே மின்னசோட்டாவில் 1923-இல்தான் பெண்கள் அதற்குள் வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இளைஞர்கள் படைக்குப் போனதும் அது பெருமளவு பெண்கள் வேலையானது. பெண்கள் கைக்கு வந்தவுடன் அந்தத் தலைமைப் பண்பு எங்கே போனதென்று தெரியவில்லை, அழகு மட்டும் மிஞ்சியது. தட்டச்சுக்கும் குமாஸ்தா வேலைக்கும் இதேதான் நடந்தது.

வாத்தியக் குழுக்களிலும் கதவு எளிதில் திறக்கவில்லை. பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்கள் மட்டுமே ஊதுகொம்பும் முரசும் எடுத்து நடந்தார்கள். கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையில் யாரையும் விலக்கக் கூடாது என்று 1972-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 'டைட்டில் நைன்' என்று அதை அழைக்கிறார்கள். அதன் மூல வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் அந்தச் சட்டத்தின் அழுத்தத்தில்தான் 1973-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு வாத்தியக் குழுவில் பெண்கள் சேர்ந்தார்கள். அரசியாக மகுடம் சூட்ட அழைத்த மைதானத்தில், முரசு அடிக்க அவர்களுக்குச் சட்டம் தேவைப்பட்டது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது, "அவங்க ஊருலயும் தாம்பாளம் இருக்கா மேம்" என்றாள் ஒரு மாணவி.

நான் தமிழ் படித்தவள். எனக்கு இந்த இடத்தில் வேறு ஒன்று உறுத்துகிறது. நம் பழைய இலக்கியத்தில் பந்து யார் கையில் இருக்கிறது? பெண்கள் கையில். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் கந்துகவரி என்று ஒரு பகுதி இருக்கிறது, பந்தடித்துக்கொண்டே பாடும் பாட்டு. ஆடுகிறவர்கள் பெண்கள். கொங்குவேளிரின் பெருங்கதையில் வத்தவ காண்டத்தில் 'பந்தடி கண்டது' என்று ஒரு தனிப் பகுதியே உண்டு. அதில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பந்தடிக்கிறார்கள். எத்தனை முறை அடித்தார்கள் என்று ஆயிரக்கணக்கில் எண்ணுகிறார்கள். ஒருத்தி அடித்ததை அடுத்தவள் மிஞ்சுகிறாள். இன்றைய விளையாட்டு நிருபர் எழுதுவதைப் போன்ற வருணனை அது. பந்தின் வேகம், உடல் வளைவு, கைமாற்று எல்லாம் வரும். எல்லோரையும் மிஞ்சி ஆடுபவள் மானனீகை. சேத்தூரிலிருந்து தெற்கே போனால் குற்றாலம். அந்த ஊரின் குறவஞ்சியில் திரிகூட ராசப்பக் கவிராயரின் வசந்தவல்லி முதலில் நம் முன் வருவதும் பந்தாடிக்கொண்டுதான்.

பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் கொஞ்சம் நின்று படித்தால் இன்னொன்றும் தெரிகிறது. கந்துகவரியில் பந்தடிக்கும் பெண்கள் பாடுவது பாண்டியனின் வாழ்த்து. 'பந்தடி கண்டது' என்ற தலைப்பில் கண்டவன் உதயணன். ஆடியவள் பெயர் தலைப்பில் இல்லை. ஆட்டத்தின் முடிவில் மானனீகைக்குக் கிடைப்பது அரசனின் காதல். வசந்தவல்லி பந்தாட்டத்தின் நடுவே பவனி வரும் இறைவனைப் பார்க்கிறாள், பந்து கைவிட்டுப் போகிறது, காதல் நோய் தொடங்குகிறது. அதன்பிறகு கதையில் பந்துக்கு வேலை இல்லை. பெண்ணின் ஆட்டத்தை விரிவாக எழுதிய கவிஞர்களுக்கு ஆட்டத்தில் யார் வென்றார் என்பது ஒரு கட்டத்துக்கு மேல் முக்கியமாகப் படவில்லை.

பிள்ளைத்தமிழ் இன்னும் தெளிவாகச் சொல்லும். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்குப் பொதுவாக அம்மானை, நீராடல், ஊசல். சிற்றில் பருவத்தில் ஆண்குழந்தை செய்வது என்ன? தெருவில் சிறுமிகள் கட்டிய மணல் வீட்டைக் காலால் எத்திக் கலைப்பது. கலைக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுவதாகவே பாட்டு அமையும். பெண்பிள்ளையின் ஆட்டத்தை உதைத்துக் கலைப்பதே ஆண்பிள்ளையின் ஆட்டம் என்று ஓர் இலக்கிய வகை பருவம் குறித்து வைத்திருக்கிறது. எம்.ஏ. படிக்கும்போது இதைப் பத்து மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்தேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

இந்தக் காட்சியைக் கலைபட்டவள் பக்கம் நின்று பாடியவள் எங்கள் பக்கத்து ஊர்க்காரி. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து முழுக்கச் சிற்றில்தான். குனிந்து குனிந்து கட்டிய முதுகுவலி அதில் இருக்கிறது, ஒரு நாள் முழுக்கச் செய்த வேலை என்ற கணக்கு இருக்கிறது, நாங்கள் உனக்கு என்ன தீங்கு செய்தோம் என்ற கேள்வி இருக்கிறது. பக்தி உரைகள் அதற்கு வேறு பொருள் சொல்லும். நான் அதோடு சண்டைக்குப் போகவில்லை. மணலில் கட்டியது தங்களுடையது என்று உரிமை சொன்ன ஒரு பெண்குரல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே கேட்டிருக்கிறது என்பது எனக்குப் போதும்.

பிறகு பந்து எப்படிக் கைமாறியது? என் அம்மாச்சி சேத்தூரில் சொட்டாங்கல் ஆடியவள். தூக்கிப்போட்ட கல் கீழே வருவதற்குள் தரையிலிருக்கும் கற்களை அள்ளும் வேகம் எழுபது வயதிலும் அவளுக்கு இருந்தது. சொட்டாங்கல், பல்லாங்குழி, பாண்டி, ஊஞ்சல். இந்தப் பட்டியலைப் பாருங்கள், எதற்கும் மைதானம் வேண்டாம். திண்ணை போதும், முற்றம் போதும், மழைக்கு அடுப்படியிலும் ஆடலாம். கூப்பிட்ட குரலுக்கு ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகலாம். பெண்களின் விளையாட்டு இப்படிச் சுருண்டுகொண்டிருந்த காலத்தில்தான் வெள்ளைக்காரப் பள்ளிகளும் படைமுகாம்களும் கிரிக்கெட்டையும் கால்பந்தையும் கொண்டுவந்தன. ஆட்டத்தோடு அவை கொண்டுவந்த இன்னொன்று அளந்து, கோடு போட்டு, வேலி கட்டிய ஏக்கர் கணக்கான நிலம். நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர்கள் வீட்டுப் பையன்கள் அதில் இறங்கினார்கள். பந்தைவிட மைதானம்தான் இங்கே விஷயம்.

இங்கிலாந்தில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரஸ்டன் நகரின் டிக், கெர் தொழிற்சாலையில் வெடிகுண்டுச் சாமான்கள் செய்த பெண்கள், இடைவேளையில் பந்து உதைத்துப் பழகி ஓர் அணியானார்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற, தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற நம் பெண்களைப் போன்ற தொழிலாளிகள்தான். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். உள்ளே இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் இன்னும் ஆயிரக்கணக்கில். வசூல் தர்ம காரியங்களுக்குப் போனது. ஓராண்டு முடிவதற்குள், 1921 டிசம்பர் 5-ஆம் தேதி, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று தீர்மானம் போட்டது.

அந்தத் தீர்மானம் பெண்கள் பந்து உதைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. சங்கத்தில் உள்ள கிளப்புகள் தங்கள் மைதானத்தைப் பெண்களுக்குத் தரக் கூடாது என்றது. அதுவே போதுமானதாக இருந்தது. மைதானம் இல்லையென்றால் இருக்கை இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை, வசூல் இல்லை, ஆட்ட நாள் இல்லை. டிக், கெர் பெண்கள் கிடைத்த பொட்டல்களில் தொடர்ந்து ஆடினார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் 53,000 பேர் கொண்ட கூட்டம் கலைந்துவிட்டது. அந்தத் தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின.

தமிழர்களுக்கு ஒரு பெரிய ஆட்ட நாள் மரபு உண்டென்றால் அது யாழ்ப்பாணத்தில்தான். 1904-இல் தொடங்கிய யாழ் மத்திய கல்லூரி, சென் ஜோன்ஸ் கல்லூரி கிரிக்கெட் ஆட்டத்தை 'வடக்கின் போர்' என்கிறார்கள். கொடிகளும் பாபரே வாத்தியமும் ஊர்வலமும் பழைய மாணவர்களின் வருகையுமாக மூன்று நாள் ஊர் அதிரும். வெளிநாடுகளிலிருந்தும் அதற்காகவே வருகிறார்கள். உண்மையான போர் நடந்த காலத்தில் சில ஆண்டுகள் இந்தப் போர் நின்றிருந்தது. மீண்டும் தொடங்கியபோது ஊர் மூச்சுவிட்ட மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். இரண்டு பள்ளிகளுக்கும் சகோதரிப் பள்ளிகள் உண்டு, வேம்படியும் சுண்டிக்குளியும். அவையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியவை, வரலாற்றில் தம்பிகள் அல்ல. 'போர்' என்று பெயர் பெற்ற நூறாண்டு ஆட்டம் மட்டும் அண்ணன்களுடையது. கொழும்பின் ரோயல், தோமியன் ஆட்டத்தையொட்டி மாணவர்கள் கூட்டமாகப் போய்ப் பெண்கள் பள்ளிகளின் வாயிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைவதும் ஒரு மரபாகச் சிரித்துச் சொல்லப்படுகிறது. சிற்றில் பருவம் நினைவுக்கு வருகிறது எனக்கு.

இந்தியாவுக்கு வருவோம். 1970-களின் நடுவில் பெண்கள் கால்பந்துக்கென்று தனிச் சம்மேளனம் உருவானது. தேசியப் போட்டிகள் தொடங்கின. 1980-இல் ஆசியப் பெண்கள் போட்டியைக் கோழிக்கோடு நடத்தியது, இந்தியா இறுதிவரை போய் இரண்டாம் இடம் பெற்றது. இதைப் பள்ளியில் நமக்கு யாராவது சொன்னார்களா? கபில்தேவ் 1983-இல் கோப்பை தூக்கியது தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன், இங்கிருந்து ஓர் இரவுப் பயணத் தூரத்தில் நடந்தது தெரியாது. என் பள்ளியில் விளையாட்டு வேளை வந்தால் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு எங்களுக்குக் கணக்குப் பாடம் எடுப்பார்கள். ஜன்னல் வழியாகத் தெரியும் தூசிதான் எங்கள் கால்பந்து.

தமிழகப் பெண்கள் அணி 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று முதல்முறை தேசியச் சாம்பியன் ஆனது. மணிப்பூர் என்றால் பெண்கள் கால்பந்தில் அசைக்க முடியாத பெயர். 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மீண்டும் கோப்பை வந்தது. கடலூரின் இந்துமதி கதிரேசன் போன்றவர்கள் இந்தப் பத்தாண்டில் எழுந்து வந்தவர்கள்.

நம் மாவட்டத்துக் கதையும் இதில் இருக்கிறது. சேது எஃப்.சி. என்ற பெயரை முதலில் செய்தித்தாளில் பார்த்தபோது சேத்தூர்க்காரியான நான் ஒரு கணம் ஏமாந்துபோனேன். அது 2016-இல் தொடங்கிய, மதுரையைத் தளமாகக் கொண்ட பெண்கள் அணி. காரியாபட்டிப் பக்கத்துச் சேது பொறியியல் கல்லூரியோடு தொடர்புடையது. காரியாபட்டி எங்கள் விருதுநகர் மாவட்டம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். 2019 மே மாதம் அந்த அணி இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. இந்தியாவின் சிறந்த மகளிர் கிளப் தென்தமிழகத்துக் கிளப்.

இறுதி ஆட்டம் நடந்தது லூதியானாவில். இறுதி மட்டுமல்ல, அந்த ஆண்டின் லீக் முழுவதும் அங்கேயேதான். எல்லா அணிகளையும் ஓர் ஊருக்குக் கொண்டுபோய், சில வாரங்களில் ஆடி முடித்து அனுப்பிவிடுவது அன்றைய ஏற்பாடு. செலவு குறைவு. ஆண்கள் லீக்கில் சொந்த ஊர் ஆட்டம், வெளியூர் ஆட்டம் என்று மாதக்கணக்கில் நடக்கும். பெண்கள் லீக்கில் அந்த முறை 2023-24 பருவத்தில்தான் முதன்முதலாக வந்தது. அதாவது, இந்தியாவின் சாம்பியன் அணி தன் சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் அந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலேயே சாம்பியன் ஆனது. மதுரையில் ஒரு கடைக்காரர் கடையைச் சீக்கிரம் மூடவில்லை. ஒரு பறை ஒலிக்கவில்லை. ஒரு தாய் பிள்ளையைத் தோளில் தூக்கி, அதோ பார் அக்கா என்று காட்டவில்லை. பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்று சொல்கிறவர்கள், கூட்டம் வரக்கூடிய இடத்திலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஆட்டத்தை வைத்துவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

கூட்டம் வரும். 2023 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில், ஆண்களின் சனிக்கிழமைகளுக்காகக் கட்டிய அதே கால்பந்து அரங்கின் நடுவில் வலை கட்டிப் பெண்கள் கைப்பந்து ஆடினார்கள். 92,003 பேர் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் கணக்கு எளியது. மாலை ஐந்தேகாலுக்கு ஒரு பேருந்து. அதை விட்டால் முகவூர், தேவதானம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அடுத்தது ஏழு மணிக்கு. வீட்டில் ஏழு மணிப் பேருந்துக்கு அனுமதி இல்லை. ஆகவே பயிற்சி ஐந்து மணிக்கு முடியும். வெயில் தாழ்ந்து மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கும் நேரத்தில் மைதானம் பையன்களுக்கு. ஜெர்சிக்கு மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு நம் பிள்ளைகள் பேருந்துக்கு ஓடுவார்கள். (அந்த ஓட்டத்தையும் பயிற்சியில் சேர்க்கலாம் என்பாள் ஒருத்தி.)

இப்போது நான் இருக்கும் கல்லூரியில் சென்ற ஆண்டு ஒரு போட்டி நடந்தது. பெண்கள் ஆட்டத்தைக் காலை 9 மணிக்கு, விழாவுக்கு முன்பாகவே வைக்கச் சொல்லி நாங்கள் நாலைந்து பேர் போய்ப் பேசினோம். தாம்பாளங்களை ஒரு மேசை போட்டு அதில் வையுங்கள், வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்றோம். மரியாதைக் குறைவாக இருக்குமே என்று இழுத்தார்கள், பிறகு சரி என்றார்கள். சிறப்பு விருந்தினர் தானே சந்தனம் தொட்டுக்கொண்டதில் அவருக்கு ஒரு குறையும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

ஆட்டத்துக்குத் தாய்மார்களை அழைத்து வரச் சொல்லியிருந்தோம். பதினோரு பேர் வந்தார்கள். தளவாய்புரத்திலிருந்து தையல் மிஷினை விட்டுவிட்டு வந்த ஓர் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முந்தானையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. மகளின் சட்டை எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் முழங்கையைத் தொட்டு, "டீச்சர், இதுல நம்ம பக்கம் எது?" என்றார்.

காட்டினேன். "பாதி ஆட்டம் முடிஞ்சதும் பக்கம் மாறிரும்மா" என்றேன்.

"மாறுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து, தெளிவாகத் தெரியும் இடம் பார்த்துக் கோட்டுக்கு அருகே போய் நின்றுகொண்டார்.